நத்தைத் தீவனத்தில் நறுமணத் தழைகள்: எதை, எப்போது, எவ்வளவு?

ஈரமண்
எல்லோருக்கும் வணக்கம். உணவுக்காக வளர்க்கும் பழுப்புத் தோட்ட நத்தையின் (கோர்னு அஸ்பெர்சம்) சிறிய வகைக்குத் தீவனத்தோடு நறுமணத் தழைகளும் கொடுப்பது பற்றித் தெளிவு வேண்டும். தைம், ரோஸ்மேரி, புதினா, பெருஞ்சீரகத் தழை, திருநீற்றுப்பச்சை எல்லாமே கிடைக்கும். கேள்விகள் இவை: குஞ்சுப் பருவத்திலேயே தொடங்க வேண்டுமா, கடைசி வாரங்களில் மட்டும் போதுமா? பச்சையாகவா, பொடியாகவா? தழைக்குப் பதில் எண்ணெய் கலந்தால் வேலை சுலபமாகுமா? மணம் உண்மையிலேயே தசையில் ஏறுகிறதா?

கூம்போடு
நறுமணத் தழையைத் தீவனம் என்று எண்ணினால் கணக்கு அங்கேயே தப்பிவிடும். அது தாளிப்பு மாதிரி. நத்தையை வளர்ப்பது மாவும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும்தான்.

அடிப்படைத் தீவனம் 100 கிலோவுக்கு ஒரு கலவை: மக்காச்சோளம் அல்லது கோதுமை மாவு 40, சோயாப் புண்ணாக்கு 25, அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் 30, டைகால்சியம் பாஸ்பேட் 3, வைட்டமின் தாதுக் கலவை 2. புரதம் சுமார் 15 சதவீதம் வரும். சுண்ணாம்புக்கல் தூள் என்பது கால்சியம் கார்பனேட். சுட்ட சுண்ணாம்போ நீற்றிய சுண்ணாம்போ அந்த இடத்தில் வரவே கூடாது, நத்தையின் ஈரத்தோலை அது வேகவைத்துவிடும். இவ்வளவு கால்சியம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். ஓட்டில் 95 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான் இருக்கிறது. வளரும் நாலைந்து மாதமும் அது வாய் வழியாகவும் மண்ணிலிருந்து பாதம் வழியாகவும் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

பச்சைத் தழையில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு தண்ணீர். நத்தை தழையை மேய்ந்து வயிறு நிரப்பிக்கொண்டால் அன்றிரவு தீவன மாவு வைக்கும் பலகைக்கு வருவது குறையும். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. கடைசியில் ஓட்டு உதடு (ஓட்டு வாயின் விளிம்பு) மடங்கும் நேரத்தில்தான் தெரியும்: உதடு மெல்லியதாக நிற்கும், மூட்டை கட்டி அனுப்பும்போது ஓடுகள் விரிசல் விடும். ஆகவே குஞ்சுகளுக்கு நறுமணத் தழை வேண்டாம். கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு உதடு வெளிப்பக்கமாக மடங்கிக் கெட்டிப்பட்ட பிறகு, அறுவடைக்கு முந்தைய 10 முதல் 14 இரவுகள் மட்டும் கொடுங்கள்.

அளவு, காய்ந்த பொடியாக, தீவன எடையில் 1 முதல் 2 சதவீதம். அதைச் சுண்ணாம்புக்கல் பங்கில் கைவைக்காமல் மாவுப் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

பசுந்தழை
பொடி மட்டும்தான் என்பதை முழுசா ஒத்துக்க முடியலைங்க. எந்தச் செடி என்பதைப் பொறுத்துதான் பதில்.

பெருஞ்சீரகத் தழை, சதகுப்பை, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சை, பார்ஸ்லி இதெல்லாம் மென்மையான இலை. நத்தை தானாக வந்து தின்னும். திருநீற்றுப்பச்சை நாற்றைப் பட்டிக்குள்ளே நட்டால் ஒரே இரவில் தண்டுதான் மிஞ்சும். இந்த வகைகளைப் பச்சையாகவே கொடுக்கலாம். பார்ஸ்லியில் மட்டும் ஒரு கவனம்: ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போடும், அதனால் தினமும் கொடுக்காதீங்க. பீட் கீரைக்கும் இதே குணம் உண்டு. பலர் அதைப் பட்டியில் நிழலுக்காக நடுறாங்க. பக்கத்திலேயே மாவுப் பலகை இருக்கிற வரைக்கும் பாதகமில்லை.

தைம், ஆரிகனோ இரண்டும் நடுத்தரம். பச்சையாக இருந்தால் நுனித்தளிரைக் கொறிக்கும், கட்டைத் தண்டைத் தொடாது. பொடியாக்கிக் குறைந்த அளவில் கலந்தால் ஏற்றுக்கொள்ளும்.

ரோஸ்மேரி, லாவெண்டர், சேஜ், புதினா கடைசி வரிசை. இலையில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கம், நத்தை விலகிப் போகும். புதினாவில் மெந்தால் இருக்கு. அதைப் பொடியாக 1 சதவீதம் கலந்தாலே பலகையில் மிச்சம் நிற்கும். பூண்டுத் தழை, வெங்காயத் தழை இந்தப் பேச்சிலேயே வேண்டாம், கந்தக வாடைக்கு நத்தை கிட்டே வராது.

பட்டியில் நடுவது பற்றியும் சொல்லிடறேன். தைம், ரோஸ்மேரி வறண்ட, வடிகால் உள்ள மண்ணுக்கான செடிகள். நத்தைப் பட்டியில் தினமும் சாயங்காலம் தெளிப்பு. இரண்டும் ஒத்துவராது. வேர் அழுகி, அடியிலை கருகி, அந்தக் கழிவில் பூஞ்சை பிடிக்கும். புதினாவுக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் ஓடுதண்டு விட்டுப் பட்டி முழுக்கப் பரவி, பட்டியில் உள்ள தீனிச் செடிகளான வெள்ளைக் குளோவரையும் சிக்கரியையும் நெருக்கிவிடும். நட்டே ஆகணும்னா தொட்டியோடு மண்ணில் புதையுங்க. நறுமணச் செடிகளுக்குத் தனிப் பாத்தி வெளியே போட்டு, வெட்டிக் கொண்டுவந்து கொடுப்பதுதான் என் சிபாரிசு.

கூம்போடு
மென்மையான இலைகளைப் பற்றிப் பசுந்தழை சொன்னது சரி, ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: பச்சைத் தழையைச் சாயங்காலத் தெளிப்புக்குப் பிறகு வையுங்கள், காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். 20 டிகிரிக்கு மேல் வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்ற சூழலில் மறுநாள் காலைக்குள் அது கொழகொழவென்று ஆகிவிடும். அழுகின தழை ஈக்களையும் நூற்புழுக்களையும் கூப்பிடும். தழையைக் குவியலாக வைக்காமல் கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பி வைப்பது நல்லது. குவியலின் நடுவில் சூடேறி அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.

ஈரமண்
நன்றி. எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே? தைம் எண்ணெய் சில சொட்டுகள் மாவில் கலந்தால் காயவைத்து அரைக்கிற வேலை மிச்சமாகுமே.

நுண்ணோக்கி
வேண்டாம். இதில் சமரசமே இல்லை.

தாவரங்கள் இந்த எண்ணெய்களை வைத்திருப்பதே தின்ன வருபவற்றை விரட்டத்தான். இந்த எண்ணெய்களில் உள்ள தைமால், கார்வக்ரால், யூஜினால் மூன்றும் நத்தை போன்ற மெல்லுடலிகளுக்கு நஞ்சு. யூஜினால் நிறைந்த கிராம்பு எண்ணெய் மிகக் குறைந்த செறிவிலேயே இதே இனத்தின் குஞ்சுகளையும் முட்டைகளையும் கொல்லும். நத்தையை ஒழிக்க ஆய்வு செய்கிறவர்கள் கையில் எடுக்கிற பொருளை நாம் தீவனத்தில் ஊற்றக் கூடாது.

கணக்காகவே பாருங்கள். நல்ல காய்ந்த தைமில் எண்ணெய் சுமார் 2 சதவீதம். தீவனத்தில் அந்தப் பொடி 2 சதவீதம். ஆக ஒரு கிலோ தீவனத்தில் எண்ணெய் 0.4 கிராம், கிட்டத்தட்ட 8 சொட்டு. அதுவும் இலைத் திசுவுக்குள் அடைபட்டு, தூள் தூளாகச் சிதறி இருக்கிறது. அதே 8 சொட்டை மாவில் விட்டால் ஒரு இடத்தில் செறிந்து கட்டி பிடிக்கும். நத்தை அந்தக் கட்டியைத் தின்னக்கூட வேண்டியதில்லை. ஈரப்பாதம் அதன்மேல் ஊர்ந்தாலே போதும், தோல் வழியாகப் போகும். நுரை நுரையாகச் சளி விடுவது, உடலை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வது, வலையின் உச்சிக்கு ஏறி அங்கேயே ஒட்டிக்கொள்வது, இவை எரிச்சலின் அடையாளம். பொடி கலந்த தீவனத்திலும் இவற்றில் ஒன்று தென்பட்டால் அன்றே பலகையை எடுத்துவிட்டுச் சாதாரண மாவுக்குத் திரும்புங்கள், பட்டியை வெறும் தண்ணீரால் தெளியுங்கள்.

தைம் கிடைக்காதவர்கள் ஓமத்தைப் பொடித்துப் போடுவதாகச் சொல்வார்கள். ஓம விதையில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம், அதில் ஏறக்குறைய பாதி தைமால். தைம் பொடியின் அளவில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. ஓமவல்லி இலையிலும் கார்வக்ரால் இருப்பதால் அதைச் சாதுவான கீரை என்று கருத வேண்டாம்.

தராசுத்தட்டு
பொடி தயாரிப்பும் கலப்பும் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு வேலை கெடுவது இங்கேதான்.

வெட்டுவது: பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன். பூ விரியத் தொடங்கும் தருணத்தில் தைம், ஆரிகனோ இரண்டிலும் எண்ணெய் நன்றாக இருக்கும். காயவைப்பது: நிழலில், காற்றோட்டத்தில், ஒற்றை அடுக்காக. உலர்த்தி இருந்தால் 40 டிகிரிக்குக் கீழே. அதற்கு மேல் போனால் மணம்தான் முதலில் பறக்கும். கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும், மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. தண்டை உருவி எறிந்துவிட்டு இலையை மட்டும் அரைத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். மாவைவிடத் தழைத்துகள் பெரிதாக இருந்தால் நத்தை அதை ஒதுக்கித் தின்னும், நாம் போட்ட சதவீதம் வயிற்றுக்குள் போகாது.

எவ்வளவு தேவை? 100 கிலோ நத்தைக்கு ஓர் இரவுக்கு 1 கிலோ மாவில் தொடங்கி, மிச்சத்தைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். 10 இரவுக்கு 10 கிலோ. 2 சதவீதம் என்றால் பொடி வெறும் 200 கிராம். தண்டு கழிந்த பச்சை இலையாக ஒன்றரைக் கிலோ போதும். இவ்வளவு சின்ன அளவுக்காக ஏக்கர் கணக்கில் செடி நடத் தேவையே இல்லை.

200 கிராமை 10 கிலோவில் நேராகக் கொட்டிக் கிளறினால் ஒருபோதும் சீராகாது. முதலில் 200 கிராம் பொடியோடு 200 கிராம் மாவைக் கலந்து 400 ஆக்குங்கள். அதோடு 400 சேர்த்து 800. அதோடு 800 சேர்த்து 1600. இப்படி இரட்டித்துக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தத்தோடு சேருங்கள். கலந்ததன் மூன்று மூலைகளிலிருந்து ஒவ்வொரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள், பச்சை நிறம் மூன்றிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.

பசுந்தழை
இதோடு ஒண்ணு சேர்த்துக்கணும். முதல் இரவே 2 சதவீதம் போடாதீங்க. நத்தை மணத்தை வைத்துத்தான் உணவைத் தேடுது, நீண்ட உணர்கொம்புகளின் நுனியில் அந்த உறுப்பு இருக்கு. ஒரு உணவை ஒருமுறை தின்ற நத்தை அந்த மணத்தைக் கற்றுக்கொண்டு, அடுத்த முறை நேராக அதை நோக்கி வரும். ஹெலிக்ஸ் பொமாட்டியா என்ற இன்னொரு நத்தை இனத்தில் இது தெளிவாகக் காட்டப்பட்ட விஷயம். முதல் மூணு இரவு அரை சதவீதம், அடுத்த மூணு இரவு 1, அப்புறம் 2 என்று ஏத்தினால் மறுப்பு வெகுவாகக் குறையும். பட்டினி கிடந்த நத்தைக்குப் புது மணத்தை அறிமுகம் செய்வது இன்னும் சுலபம்.

தராசுத்தட்டு
ஏற்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். ஒரே பட்டியில் இரண்டு பலகை: ஒன்றில் வெறும் மாவு, இன்னொன்றில் தழைப்பொடி கலந்தது, இரண்டிலும் ஒரே எடை. மூன்றாவதாக ஒரு தட்டு, நத்தை எட்ட முடியாத வலைக்கூண்டுக்குள், அதே தெளிப்பில். இந்த மூன்றாம் தட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாவு இரவில் ஈரத்தை உறிஞ்சி எடை கூடும். அதைக் கழிக்காவிட்டால் நத்தை தின்னவே இல்லை என்று தப்பாகப் படும். பலகைகளை ஒவ்வோர் இரவும் இடம் மாற்றுங்கள், ஏனென்றால் நிழலும் ஈரமும் உள்ள மூலைக்கு எப்போதும் கூட்டம் அதிகம். நான்கு இரவு செய்தால் போதும். தழைப் பலகையில் தின்றது வெறும் மாவில் தின்றதில் பாதிக்கும் கீழே போனால் அளவைப் பாதியாக்குங்கள், அல்லது செடியை மாற்றுங்கள்.

அடுப்படி
சமையல் பக்கத்திலிருந்து. மணம் தசையில் ஏறுகிறதா என்ற கேள்விக்கு நேரான பதில்: பாதத் தசையில் மிகக் கொஞ்சம்.

இந்த மண மூலக்கூறுகள் கொழுப்பில் கரைபவை. நத்தையின் பாதத் தசையில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான், அதனால் அவை தங்குவதற்கு அங்கே இடமே குறைவு. கொழுப்பு சேருவது செரிமானச் சுரப்பியில், அதாவது ஓட்டின் சுருளுக்குள் இருக்கும் கரும்பகுதியில். மீதி மணம் குடலுக்குள் இருக்கும் தீவனத்தின் மணம். சமைப்பவர் சுருளை வெட்டி எறிகிறவராக இருந்தால் நீங்கள் கொடுத்த தைமில் பெரும்பங்கு குப்பைக்குப் போகிறது. முழு நத்தையாகச் சமைப்பவருக்கு விற்பதானால் தாராளமாகச் செய்யுங்கள், வித்தியாசம் நாக்கில் தெரியும்.

வரிசை முக்கியம். பலர் பத்து நாள் நறுமணத் தழை கொடுத்துவிட்டு, ஒரு வாரம் பட்டினி போட்டுக் குடலைக் காலி செய்கிறார்கள். கொடுத்ததில் பெரும்பங்கு கழிவோடு போய்விடுகிறது. மாற்றிச் செய்து பாருங்கள். அறுவடை செய்த நத்தையை முதலில் 3 நாள் பட்டினி போட்டுக் கழுவுங்கள், மண்ணும் பழைய கீரையும் வெளியேறும். பிறகு மண்ணே இல்லாத சுத்தமான வலைப்பெட்டியில் 5 இரவு தழைப்பொடி கலந்த மாவு, தினமும் பெட்டி கழுவல். கடைசியாக 2 நாள் பட்டினி. இந்தக் கடைசிப் பட்டினியை விடக் கூடாது, குடலில் சுண்ணாம்புத் தூள் மிஞ்சினால் பல்லில் மணல் கடிபடும்.

என் மதிப்பீட்டில், நறுமணம் ஏறுவதைவிட மண்வாடை இறங்குவதே பெரிய ஆதாயம். வெறும் தவிட்டுமாவு கொடுத்தாலே அதில் பெரும்பகுதி கிடைக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் இத்தாலியின் டார்க்வினி பகுதியில் நத்தைப் பட்டி வைத்த ஃபுல்வியுஸ் லிப்பினுஸ் காய்ச்சிய திராட்சைச் சாற்றையும் மாவையும் கொடுத்துக் கொழுக்க வைத்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அறுவடைக்கு முன் வாய்க்கு நல்லதை ஊட்டும் யோசனை அவ்வளவு பழையது.

ஈரமண்
வித்தியாசம் இருக்கிறதா என்பதைச் சுவைத்து நிச்சயப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறதா? "நல்லாத்தான் இருக்கு" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

அடுப்படி
இருக்கிறது. ஒரே பட்டியில் வளர்ந்த நத்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தழை, மறு பாதிக்கு வெறும் மாவு. இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில், உப்புத் தண்ணீரில் மட்டும், ஒரே நேரம் வேகவையுங்கள். பூண்டு, வெண்ணெய் எதுவும் வேண்டாம், அவை எல்லாவற்றையும் மூடிவிடும். சுவைப்பவருக்கு மூன்று கிண்ணம்: இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. வேறானது எது என்று கேளுங்கள். குருட்டு ஊகத்தில் மூன்றில் ஒருமுறை சரியாக வரும். 12 சுவைப்பில் 8 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மை என்று கொள்ளலாம். 5 பேர் சொன்னதை வைத்துக்கொண்டு "தைம் நத்தை" என்று பெயர் போட்டு விற்காதீர்கள், வாங்குகிறவருக்குச் செய்கிற துரோகம் அது. பாதம், சுருள் இரண்டுக்கும் இந்தச் சோதனையைத் தனித்தனியே செய்யுங்கள்.

வேலியோரம்
கூம்போடு அண்ணே, ஒரு சந்தேகம். நறுமணத் தழை கொடுத்தால் பேன், நூற்புழு, முட்டைப் பூஞ்சை எல்லாம் கட்டுப்படும் என்று சொல்கிறார்களே. மருந்தாகவாவது குஞ்சுகளுக்குக் கொடுக்கலாமா?

நுண்ணோக்கி
நான் பதில் சொல்கிறேன். ஆய்வுத் தட்டில் தைமால் பூஞ்சையையும் நுண்ணுயிரியையும் அடக்குவது உண்மை. ஆனால் பூஞ்சையை அடக்கும் செறிவும் நத்தைக் குஞ்சைத் துன்புறுத்தும் செறிவும் வெகு தூரத்தில் இல்லை. அந்த இடைவெளியில் நம்பி இறங்க முடியாது.

நத்தைப்பேன், ரிக்கார்டோயெல்லா, உடல்மேலும் மூச்சறைக்குள்ளும் இருக்கிறது. தீவனம் அங்கே போய்ச் சேராது. முட்டையை இளஞ்சிவப்பாக்கிக் கெடுக்கும் ஃபுசாரியம் பூஞ்சை மண்ணிலிருந்து வருகிறது. முட்டையிடும் தொட்டிக்குப் புது மண், ஒவ்வொரு சுற்றுக்கும் கொதிநீரில் கழுவிய தொட்டி, இதுதான் வழி. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நோய் வெடிப்பது நெரிசலும் அழுக்கும் சேரும் இடத்தில். சதுர மீட்டருக்கு 250 முதல் 300 வளரும் நத்தை என்ற அடர்த்தியைத் தாண்டினால் சளியும் கழிவும் தேங்கும், வளர்ச்சியே நின்றுபோகும். அதற்குத் தழை மருந்தாகாது, பாதியைத் தூக்கி வேறு பட்டியில் விடுவதுதான் மருந்து.

இன்னொரு ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும்: தழை எங்கிருந்து வந்தது? செப்புக் கலந்த பூஞ்சைக்கொல்லி தெளித்த செடி நத்தைக்கு நேரடி நஞ்சு. அழகுச்செடி நாற்றங்காலில் வாங்கிய ரோஸ்மேரி, லாவெண்டர் போன்றவற்றில் செடிக்குள் ஊடுருவும் பூச்சிக்கொல்லி இருக்கக்கூடும், கழுவினால் போகாது. விதையிலிருந்து, அல்லது தெரிந்த தாய்ச்செடியின் குச்சியிலிருந்து வளர்த்துக்கொள்ளுங்கள். சாலையோரம், பழைய தொழிற்சாலை மண், சுரங்க மண் ஆகியவற்றில் வளர்ந்ததும் வேண்டாம். நத்தை காட்மியத்தைச் செரிமானச் சுரப்பியில் சேர்த்துவைக்கும். மண் மாசை அளக்கவே விஞ்ஞானிகள் இந்த நத்தையைப் பயன்படுத்துகிறார்கள். அடுப்படி சொன்ன அதே சுருள் பகுதிதான், மணம் சேரும் இடத்திலேயே உலோகமும் சேரும்.

காட்டில் பறிக்கிறவர்களுக்கு: பெருஞ்சீரகம், பார்ஸ்லி குடும்பத்தில் ஹெம்லாக் (கோனியம் மாகுலாட்டம்) என்ற கொடிய நஞ்சுச் செடியும் இருக்கிறது. வெண்குடைப் பூ, பிளவுபட்ட இலை என்று பார்வைக்கு ஒத்திருக்கும். தண்டு வழவழப்பாக, ஊதா நிறப் புள்ளிகளோடு இருக்கும், கசக்கினால் எலி வாடை வீசும். சோம்பு மணம் சந்தேகமில்லாமல் வராத எந்தத் தழையையும் கூடையில் போடாதீர்கள். நத்தை நஞ்சுச் செடியைத் தின்றும் உயிரோடு இருக்கும், அதன் குடலில் உள்ளது தின்கிற மனிதருக்குப் போய்விடும்.

வேலியோரம்
புரிந்தது. பெரிய ஆப்பிரிக்க நத்தைக்கும் இதே அளவுகள் பொருந்துமா?

கூம்போடு
அந்த இனத்தை வளர்ப்பதே பல நாடுகளில் தடை, பயிரை அழிக்கும் அந்நிய இனம் என்பதால். மூளையைத் தாக்கும் எலிநுரையீரல் புழுவையும் அது சுமக்கும். முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இங்கே சொன்ன அளவுகள் எல்லாம் தோட்ட நத்தைக்கானவை.

ஈரமண்
கடைசியாக ஒன்று. அறுவடையில் பாதியைக் குளிரறையில் 5, 6 டிகிரியில் உறங்க வைக்க வேண்டும். அவற்றுக்குத் தழையை உறக்கத்துக்கு முன் கொடுப்பதா, பின்னா?

அடுப்படி
பின்னால். உறக்கத்துக்குப் போகிற நத்தையின் குடல் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், ஓடு காய்ந்திருக்க வேண்டும். குடலில் தீவனம் மிஞ்சினால் உள்ளேயே புளித்து நத்தை சாகும், பெட்டியே நாறும். வெளியே எடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, வாய்மூடிச் சவ்வை உடைத்துக்கொண்டு ஊரத் தொடங்கியவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். முதல் இரவு வெறும் மாவு, இரண்டாம் இரவிலிருந்து அரை சதவீதப் பொடி. பசியோடு இருப்பதால் 3 இரவிலேயே 2 சதவீதத்தை எட்டிவிடலாம். பிறகு வழக்கம்போல் 2 நாள் பட்டினி.

தராசுத்தட்டு
அதுவரை பொடியை மாவோடு கலந்து வைக்காதீர்கள், மணம் போய்விடும். காற்றுப் புகாத இருண்ட டப்பாவில் தனியாக வைத்தால் ஆறு மாதம் நிற்கும். கலந்த தீவனத்தை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.